லேத்தும் நலம்

உறுவையாறு
10.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசி எழுதுகிறேன். நானும் நம் பாப்பாவும் நலம். பட்டறையில் உங்கள் லேத்தும் நலம். சிரிக்காமல் மேலே படியுங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சரி சரி வை என்பீர்கள். அதனால்தான் மஸ்கட்டுக்குத் திரும்பும் செல்வகுமாரி வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை, நடவு முடிந்துவிட்டது. பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

போன வருஷம் நீங்கள் போய்விட்டதால் பட்டறையில் ஆயுத பூஜை போடவில்லை. தீபாவளி கழித்து செல்லிப்பட்டு புகழேந்தி லேத்தை வாங்கிப் போகப்போகிறாரே, கடைசியாக ஒரு பொட்டாவது வைப்போம் என்று இந்த வருஷம் பட்டறைப் பூஜை டப்பாவைத் திறந்தேன். குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் குட்டி ஸ்க்ரூ ஒன்று கிடந்தது. பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, நீங்கள் இங்கே இருந்தபோது, பூஜைக்காக லேத்தைத் துடைத்தது நான்தான். பின்பக்க மூடியைக் கழற்றித் துடைத்தபோது துணியோடு வந்தது. தொலையக்கூடாதே என்று டப்பாவில் போட்டேன். உங்களிடம் சொல்ல மறந்தே போனேன்.

வில்லியனூர் லேத் கடை மரியதாஸ் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னாம்மா இது, சுத்துற தண்டு இருக்கே, அந்த ஸ்பிண்டில் பேரிங் நட்டைப் பூட்டுற ஸ்க்ரூ ஆச்சே, இது இல்லன்னா நட்டு தானா லூஸ் ஆயிடும், கடையுற ஜாப்பெல்லாம் வரி வரியாத்தான் வரும் என்றார்.

அந்தப் பூஜைக்கு அப்புறம்தானே நீங்கள் கடைந்த பம்பு புஷ் வளையமெல்லாம் வரி விழுந்து திரும்பி வந்தது? பேரிங்கைப் போன மாதம்தான் இறுக்கிப் பிடித்தேன், அதில் குறை இருக்காது, என் கைதான் நடுங்குகிறது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். லேத்தைத் தொடவே மனமில்லாமல் அங்கே போய் ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறீர்கள். எல்லாம் என்னால். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நட்டை நானே இறுக்கிப் பிடித்தேன். எட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. ஸ்பிண்டில் முனையில் இருக்கும் சக்கில் கட்டையைக் கொடுத்து நெம்பினால் ஸ்பிண்டில் லொடலொடவென்று ஆடியது. காலையில் முதல் வேலையாக, லேத் குளிர்ந்திருக்கும்போதே, ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டேன். ஓடவிட்டு அரை மணி ஆகவில்லை, பேரிங் பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டது. அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் உங்கள் டீ ஞாபகம் வந்தது. தினமும் லேத்தைச் சும்மா ஓடவிட்டு டீக்கடைக்குப் போவீர்கள், கரண்டு வீணாகிறது என்று நான் கத்துவேன். பேரிங் சூடேறி விரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறீர்கள். அரட்டைக்காகவும்தான், அது எனக்குத் தெரியும். மறுநாள் நட்டைத் தளர்த்தி, ஓடவிட்டு, நானும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். சூடேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஸ்க்ரூவைப் பூட்டினேன். இப்போது ஒரு மணி நேரம் ஓடினாலும் வெதுவெதுப்புதான்.

நான் கடைந்த புஷ் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு வரி இருக்காது. என் கைக்கே இப்படி வருகிறதென்றால் உங்கள் கைக்கு எப்படி வரும்!

லேத்தை விற்கவில்லை என்று புகழேந்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அதற்கும் ஸ்க்ரூவுக்கும் சேர்த்தே திட்டுங்கள். ஆனால் நேரில் வந்து திட்டுங்கள். உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை மாமா.

இப்படிக்கு,
ஸ்க்ரூவை ஒளித்துவைத்த
இளவரசி