முன்முடியின் சாயம்

அலவத்துகொட
1934, ரஜபு மாதம்

அன்பு மகன் லாபிருக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அதைத்தான் சுகம் என்று சொல்ல முடியும். உன் பெண்சாதி பாயிஸாவும் கைக்குழந்தையும் நலம், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள், கொழும்பிலிருந்து வந்து பார்க்க உனக்குத்தான் நேரம் இல்லை. ஆனால் முடிக்குச் சாயம் போட நேரம் இருக்கிறது. வாப்பாவின் தலைக்கறுப்பு மட்டும் எப்படி மங்காமல் நிற்கிறது, அந்தப் பக்குவத்தை எழுதுங்கள், பாயிஸாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். நாலு நரையை யாருடைய கண்ணுக்காக மறைக்கிறாய் மகன்? அந்தப் பிள்ளை பாயிஸாவின் வாழ்க்கையை நீ என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் இப்போது என் கவலை எல்லாம்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மருதோன்றி இலையை அரைத்து, கடும் தேயிலைச் சாயம் விட்டு இரும்புச் சட்டியில் ஊறவைத்து முதலில் பூச வேண்டும், அது கழுவிக் காய்ந்த பிறகு அவுரிப் பொடி. அதன்பின் சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் தலையில் படக்கூடாது, வெந்நீர் ஆகவே ஆகாது, பச்சைத் தண்ணீரில் அலசித் தேங்காயெண்ணெய் தடவி, தொப்பி இல்லாமல் வெயிலில் திரியாமல் இருந்தால் சாயம் நிற்கும். இத்தனை பார்த்தாலும் நெற்றிக்கு மேலுள்ள முடி முதலில் வெளுக்கும். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கழுவி உளூச் செய்யும்போது ஈரக்கையால் தடவுவது அந்த இடத்தைத்தானே. அதனால் வெள்ளிக்கு வெள்ளி வாப்பாவின் முன்முடியில் மட்டும் நான் திரும்பவும் பூசிவிடுவேன். கடைக்கு வருகிறவர்கள் கிழவன் என்று நினைக்கக்கூடாது என்று அவர் சொன்னதை நம்பித்தான் பூசினேன்.

போன மாதம் பூச உட்கார்ந்தால் முன்முடி வழக்கம்போல வெளுக்கவில்லை, பாதிக்கு மேல் பூசினபடியே மினுங்குகிறது. அடுத்த வெள்ளியும் அப்படியே. கட்டுகஸ்தோட்டைக் கடையில் இருக்கிற மனிதன் சாயங்காலம் அஸருக்கும் மஃரிபுக்கும் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த நிறம் அங்கே நிற்குமா? எங்கே தொழுதீர்கள் என்று கேட்டேன். பள்ளியிலதான், வேற எங்க என்றார். தண்ணி படாத தலை எந்தப் பள்ளியில தொழுதது என்று கேட்டேன், கன்னத்தில் அறைந்தார். என் கையில் சாயச் சட்டி இருந்தது, அதாலேயே அடித்தேன். அவர் கதிரையைத் தூக்கி எறிந்தார், அது எனக்குப் படாமல் அலுமாரிக் கண்ணாடியில் பட்டு நொறுங்கியது. என் விரலைப் பிடித்து முறுக்கினார், நான் அந்த முன்முடியைப் பிடித்து இழுத்தேன், ஒரு கொத்து கையோடு வந்தது. சத்தம் கேட்டு உன் முஹைதீன் மாமா ஓடிவந்து அவர் கையைப் பின்னுக்கு மடக்கிய பிறகுதான் உண்மை வாயிலிருந்து விழுந்தது. சுவரெல்லாம் தெறித்திருந்ததில் எது இரத்தம் எது மருதோன்றி என்று தெரியவில்லை.

கம்பளையில் ருக்கியா என்று ஒரு விதவையாம். அவளிடம் தனக்கு நாற்பது வயது என்றும் நான் மவுத்தாகிவிட்டேன் என்றும் சொல்லி நிக்காஹ் வரை பேசிவிட்டாராம். சாயங்காலத் தொழுகை எல்லாம் கம்பளை ரயிலில்தான் போயிருக்கிறது. மவுத்தான பெண்ணின் கையில் எவ்வளவு பலம் என்று அப்புறம் காட்டினேன். இது என் சீதன வீடு, பெட்டியை ரோட்டில் எறிந்து கதவைச் சாத்திவிட்டேன். மாமா கம்பளைக்குப் போய் நான் உயிரோடு இருப்பதை ருக்கியாவிடம் சொல்லிவிட்டு வந்தார், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தம்பிமார் வாப்பாவை ஸ்டேஷன் வாசலில் போட்டு அடித்ததில் தாடை உடைந்து இப்போது கடைப் பின்னறையில் கஞ்சி குடித்துக் கிடக்கிறார். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் இன்னொருத்திக்காக அந்தத் தலையை அழகுபடுத்தியது என் கைதான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு உன் கடிதத்தைப் பாயிஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ கோபித்தால் கோபித்துக்கொள். சனிக்கிழமை ரயிலில் அவளும் குழந்தையும் முஹைதீன் மாமாவோடு கொழும்புக்கு வருகிறார்கள், மருதானை ஸ்டேஷனுக்கு மறக்காமல் வந்து நில். இனிமேல் அவள் அங்கேதான் இருப்பாள், சாயம் பூச வேண்டுமென்றால் அவளே பூசிவிடுவாள். வாசித்து முடித்தபோது அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய் அந்த இரும்புச் சட்டியை எடுத்துக் கையில் கனம் பார்த்துவிட்டு, அவங்கட வாப்பாவுக்கு எந்தப் பக்கம் பட்டது மாமி என்று மட்டும் கேட்டாள்.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

துஆவுடன்,
உன் உம்மா
பஸீஹா