ஏழாவது குழிக்கு நாலு

செப். 13, சனி
காலை வெயில், மூன்று மணிக்கு மேல் தூறல். கிளப் போர்டில் புது நோட்டீஸ் ஒட்டினேன். ஆண்கள் லீக், விதிகளும் நடத்தையும், தமிழில். ஆங்கிலத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. தமிழில் இருப்பதையும் படிக்க மாட்டார்கள். கோல்ஃப் விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்று லீக் செயலாளர் பதவியைத் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் எம்.டி. தான் ஆடாமல் என்னிடம் தள்ளிவிட்ட கம்பெனி மெம்பர்ஷிப், அதில் வந்தவனுக்கு இந்தத் திமிர்.

ஒட்டியதில் முக்கியமானவை:
3. ஒருவர் அடிக்கும்போது பேச்சு, இருமல், சாவிக்கொத்து கூடாது.
5. போன் அணைத்திருக்க வேண்டும்.
7. அவரவர் அடிகளை அவரவர் எழுதக் கூடாது. சீட்டுக் குலுக்கலில் வரும் கூட்டாளி எழுதுவார். ஒவ்வொரு குழி முடிந்ததும் "எத்தனை?" என்று கேட்டே எழுத வேண்டும்.
8. கடைசியில் இருவரும் கையெழுத்து. உள்ளதைவிடக் குறைவாக எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரர் அன்றைய ஆட்டத்திலிருந்து நீக்கம். தப்பு எழுதியவருடையது என்றாலும்.

எட்டாவதைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன்.

நாளை கடைசி ரவுண்டு. கோப்பைக்கு இரண்டு பேர்தான். சேது சார் (பேங்க், ரிடையர்டு), நம்ம அன்வர்.
வாங்க: தேங்காய், பேனா ரீஃபில், தேவிக்குக் கால்வலித் தைலம்.

செப். 14, ஞாயிறு
புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. சீட்டில் அன்வர் கார்டு எனக்கு வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. சேது சார் மட்டும், "ஐ.டி.ஐ. சிநேகிதர்கள், பேஷ்" என்றார்.

அன்வர் ஜெயித்தான். சேது சாரைவிட ஒரே ஒரு அடி குறைவு.

அவனுக்கு என்ன கிறுக்கோ, நான் கார்டைக் கொடுத்ததும் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். எல்லாரும் கை தட்டினபோது சிரிக்கக்கூட இல்லை. கூச்சம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் முன்னால் இந்த லவுஞ்ச் சோபாக்களுக்கு உறை மாற்றத்தான் தன் பூந்தமல்லிக் கடையிலிருந்து வந்தான். ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. மெம்பராகச் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்தவன் நான். இப்போதும் அவன் உட்கார வந்தால் யாராவது, "அன்வர், இதுல ஸ்பிரிங் இறங்கிடுச்சு பாருங்க" என்பார்கள். அவனும் குனிந்து பார்ப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்தப் பேச்சு இருக்காது. வியாழன் கமிட்டி, முடிவு ஒட்டணும், கோப்பை. சந்தோஷம்.

செப். 15, திங்கள்
ஷேவ் பண்ணும்போது ஞாபகம் வந்தது. கன்னத்தில் வெட்டு.

ஏழாவது குழி. முதல் அடி கருவேலம் புதருக்குள். இரண்டாவது மண்ணைத்தான் அடித்தான், பந்து ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அது ஒரு அடி. மூன்றாவதில் வெளியே, புல்தரைக்கு. அப்புறம் இரண்டு தட்டு. அஞ்சு.

நான் எழுதியது நாலு.

அந்த நேரம் பேக்டரி போன். கஸ்டமர் லைன் நிற்கிறது, பேட்ச் நம்பர் சொல்லு என்று. பேட்ச் நம்பர் சொல்லிக்கொண்டே எழுதினேன். "எத்தனை?" என்று அவனைக் கேட்கவில்லை. அஞ்சாம் விதி, ஏழாம் விதி, இரண்டையும் ஒட்டின மறுநாளே ஒட்டினவன் மீறினேன்.

அஞ்சு என்று எழுதியிருந்தால் சமநிலை, இன்னொரு ஆட்டம், ஜெயித்தும் இருப்பான். இப்போது எட்டாம் விதி. அவனுடைய ஞாயிறு ஆட்டமே இல்லாமல் போகும். தப்பு எனக்கு, தண்டனை அவனுக்கு. சிவப்பு அடிக்கோடு வேறு.

யாருக்கும் தெரியாது. கூட ஆடின ரெண்டு பேரும் எதிர்ப்பக்கப் புதரில் பந்து தேடிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்காவிட்டால் முடிந்தது.

செப். 16, செவ்வாய்
தூக்கம் இல்லை. பேக்டரி இன்ஸ்பெக்ஷனில் ஒரு ட்ரே முழுக்க ரிஜெக்ட் பண்ணினேன். அளவுப் பிழை மைக்ரான் கணக்கில்தான் இருந்தது, விட்டிருக்கலாம். ஆபரேட்டர் பையன், "சார், வூட்ல எதுனா சண்டையா?" என்றான். முறைத்தேன்.

சேது சார் போன். "அன்வர் ஜெயிச்சதுல சந்தோஷம்தான். நம்ம வீட்டு திவானுக்கு எப்ப ஆள் அனுப்புவார்னு கேட்டுச் சொல்லுங்க." இந்த ஒரு பேச்சுக்காகவே வாயை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. முழுசாக ஒரு மணி நேரம் தோன்றியது.

அன்வர் போன் எடுக்கவில்லை. நாலு தடவை. அவன் வீட்டம்மா, என் வீட்டுக்காரி தேவியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பிரியாணி, குடும்பத்தோடு வரணும் என்றிருக்கிறாள். டி.வி.க்கு மேலே கோப்பைக்கு இடம் ஒதுக்கியாயிற்றாம்.

தேவியிடம் சொன்னேன். காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த அண்ணன்கிட்ட மொதல்ல சொல்லுங்க. மீட்டிங்ல போய் தெரிஞ்சுக்கக் கூடாது." சரிதான். பயமாக இருக்கிறது.

செப். 17, புதன்
அரை நாள் லீவு. பூந்தமல்லி. மழை வருகிற மாதிரி இருட்டு, வரவில்லை. கடையில் ஒரு சோபாவைக் கவிழ்த்துப்போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையாளை டீக்கு அனுப்பினான்.

"ஏழாவதுல அஞ்சுடா. நான் நாலு போட்டுட்டேன்."

ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டான். "தெரியும்."

"தெரியுமா?"

"கார்டுல பாத்தேனே மாமே. நான் அடிச்சது எனக்குத் தெரியாதா? நீ வோணும்னே போட்டேன்னு நெனச்சேன்."

எனக்கு நின்ற இடத்தில் உடம்பு எரிந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். அளவில் ஒரு முடி கூடினாலும் தூக்கிப் போடுகிறவன் நான். என்னைப் போய்.

"அப்போ எதுக்குடா கையெழுத்துப் போட்டே?"

"அங்க சொல்லியிருந்தா இன்னா ஆவும்? ரூல்ஸ் ஒட்னவனே தோஸ்துக்கு திருட்டுத்தனம் பண்ணிக்கீறான்னு உன்னத்தான் காறித் துப்புவானுங்க. எனக்கு வாய் வரல." இன்னொரு ஆணியைப் பிடுங்கிவிட்டு, "கப்பு ஆசையும்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவனே மறுபடி: "மூணு நாளா அது இல்ல கஜா என்னை அறுக்கறது. இவனால தானா ஜெயிக்க முடியாதுன்னு நீயே நெனச்சிட்டேல்ல, அதான். ஊட்ல யாரு மூஞ்சியும் பாக்க முடியல."

போனைப் பற்றிச் சொன்னேன். பேட்ச் நம்பரைப் பற்றிச் சொன்னேன். நம்பினானா தெரியவில்லை. டீ வந்தது, குடித்தோம்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றான்.

செப். 18, வியாழன்
கமிட்டி. தலைவர் மேஜர், சேது சார், நான். வாசல் பக்கம் அன்வர், நின்றபடியே. மேஜர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

நான் சொன்னேன். போன், கேட்காமல் எழுதினது, நாலு. மேஜர், "எழுதியவர் தவறு. ஆட்டக்காரர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீக்கம்தான், வருத்தமான விஷயம்" என்றார். அத்தோடு முடிந்திருக்கும். அன்வர், "கவனிச்சேன் சார். தெரிஞ்சேதான் போட்டேன்" என்றான்.

அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

முடிவு: அன்வரின் ஞாயிறு ஆட்டம் ரத்து. கோப்பை சேது சாருக்கு. நான் செயலாளர் இல்லை. அடுத்த லீக்கில் யாருடைய கார்டும் எழுதக் கூடாது. கடைசி வேலையாக முடிவை என் கையாலேயே டைப் பண்ணி என் நோட்டீஸ் பக்கத்தில் ஒட்டினேன். குண்டூசி கோணலாகப் போயிற்று. சரிசெய்யவில்லை.

சேது சார் எழுந்து வந்து அன்வர் கையைப் பிடித்தார். திவான் பேச்சு எடுக்கவில்லை.

செப். 19, வெள்ளி
பிரியாணிக்குப் போனோம். கூப்பிட்டது கூப்பிட்டதுதானாம். டி.வி.க்கு மேலே ஒதுக்கின இடத்தில் ரிமோட். அன்வர் பரிமாறினான், என்னோடு அதிகம் பேசவில்லை. தேவி இரண்டாம் தடவை வாங்கினாள்.

செப். 21, ஞாயிறு
இரவு மழை, காலையில் புல் ஈரம். லீக் இல்லை, சும்மா ஆட்டம். வருவான் என்று நினைக்கவில்லை, வந்தான். வெற்றுக் கார்டு ஒன்றை என் கையில் திணித்தான். "லீக்லதானே நீ எழுதக்கூடாது. எழுது."

போனைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

ஒவ்வொரு குழிக்கும் நான், "எத்தனை?" அவன் சொல்வான். எழுதுவேன். "காட்டு" என்பான். காட்டுவேன். முன்பெல்லாம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆறு குழியும் இப்படியே. வலித்தது, ஆனால் அவன் கேட்பதுதான் முறை.

ஏழாவது. கருவேலம் பக்கமே போகவில்லை. நேராக இரண்டு, புல்தரை. ஒரு நீளத் தட்டு, ஒரு சின்னத் தட்டு.

"எத்தனை?"

"நாலு."

எழுதினேன். கேட்பதற்கு முன்னாலேயே நீட்டினேன். வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டாவதுக்கு நடந்துவிட்டான்.