பிளாஸ்டருக்குக் கீழே எரிந்த விளக்கு

மார்ச் 3

கரடி, உன் தம்பி வந்துவிட்டுப் போனான். வண்டி அவன் பேரில் இருக்கிறதாம், விற்றுவிடலாமாம். "டாக்ஸி ஓட்டுறதெல்லாம் உங்களுக்கு ஒத்து வராது அண்ணி." லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததே உங்க அண்ணன்தானே என்றேன். கடைசியில் ஒரு மாதம் விட்டுக் கொடுத்தான். "ஒரு தடவை வழியில நின்னுச்சு, வித்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

நான் எங்கே அழுதேன்? நீ போனதிலிருந்து ஏழு வாரமாகக் கோபம்தான் வருகிறது.

மார்ச் 4

உன் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டேன். இனி அது என் அளவு.

இந்த சீட்டில்தான் போய்ச் சேர்ந்தாய். பாலத்துக்குக் கீழே ஒழுங்காக ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, நாலு மூலை விளக்கையும் சிமிட்ட விட்டு. அதைப் பார்த்துத்தான் யாரோ நின்றார்களாம். "பொறுப்பான மனுஷன்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பொறுப்பாம்.

மார்ச் 6

வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டர். மெக்கானிக் நகத்தால் உரித்தார். கீழே மஞ்சளாக விளக்கு எரிகிறது, என்ஜின் படம் போட்டு.

"இதை மறைச்சுட்டா ஓட்டினாரு? பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரே இருட்டாயிடுமா?"

"இது பூனை இல்லண்ணே, கரடி" என்றேன். நான் உன்னைக் கூப்பிடுகிற பேர் அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அவர் பிளாஸ்டரைத் திருப்பிப் பார்த்தார். "இது ரத்தம் எடுத்தா கையில ஒட்டி விடுறதாச்சேம்மா." நடுவில் பஞ்சு. பஞ்சில் பழுப்பாக ஒரு பொட்டு.

நீ எப்போ ரத்தம் குடுத்த?

மார்ச் 7

வண்டியோடு வந்த புத்தகத்துக்குள் டாக்டர் சீட்டை மடித்து வைத்திருக்கிறாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. 'இதய மருத்துவரை உடனே பார்க்கவும்.' உடனே என்பதற்குக் கீழே கோடு வேறு.

அன்னைக்கு வந்து என்ன சொன்ன? டயர் பஞ்சர், அதான் லேட்டுன்னு. நானும் பாவம்னு கால் அமுக்கி விட்டேன். பஞ்சராம். படுபாவி — எது பஞ்சர்னு உனக்குத் தெரியும்.

மார்ச் 8

உன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

மார்ச் 11

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், மஞ்சள் அணைந்தது. மற்ற விளக்கெல்லாம் என்ன என்று கேட்டேன். சொல்லச் சொல்ல இந்த நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டேன். மூக்கில் சொட்டுகிற கெண்டி, எண்ணெய். ரெண்டு கொம்பு வைத்த பெட்டி, பேட்டரி. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, பிரேக்.

"மஞ்சள்னா என்கிட்ட வாங்க. சிவப்புன்னா நில்லுங்க."

"வீடு கிட்டத்துல இருந்தா?"

"வாசல் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் நில்லுங்க."

இவ்வளவுதான் விஷயம். ஏழாவதோடு நின்றவள் நான், எனக்கே ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

மார்ச் 19

இன்று ஆறு சவாரி. ஒருவன் "டிரைவர் எங்கம்மா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டான். "செத்துட்டாரு, நான்தான்" என்றேன். இறங்கும்போது மீதிச் சில்லறைகூட வாங்காமல் போனான்.

மார்ச் 28

உன் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். பாதி வழியில் கெண்டி. சிவப்பு.

"ரெண்டே கிலோமீட்டர் அண்ணி, அழுத்துங்க. நின்னா என்ன பேச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. நின்றால் வண்டி போச்சு.

"இருக்கு தம்பி. உங்க அண்ணனும் இப்படித்தான் அழுத்தினாரு."

ஓரம் கட்டினேன். அணைத்தேன். எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை.

மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். போல்ட் தளர்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. "நல்ல வேளை நின்னீங்க. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா என்ஜினை எடைக்குத்தான் போடணும்."

உன் தம்பி எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டேஷனில் இறங்கும்போது சொன்னான், "ஊர்லேர்ந்து வந்ததும் வண்டியை உங்க பேருக்கு மாத்திடலாம் அண்ணி."

வீட்டுக்கு வந்து உன் படத்தைத் திருப்பி வைத்தேன். கோபம் போகவில்லை.

ஓரம் கட்டினதும் நாலு மூலை விளக்கும் சிமிட்ட அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அமுக்கினேன் பாரு, அப்போதான் தோணுச்சு. முன்னே பின்னே தெரியாதவனுக்கெல்லாம் நாலு விளக்குப் போட்டுக் காட்டின. எனக்கு ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா, கரடி?