ஜெனரலுக்கு ஓர் அர்ச்சனை

மார்ச் 4, செவ்வாய்

ராகலை பஜாரில் இப்றாஹிம் நானா கடைக்குச் சீனி வாங்கப் போனேன். அவர் டிவியில், நான் முன்பு தண்ணீர் பவுசர் லாரி ஓட்டிய நாடு. உள்நாட்டுச் சண்டையாம். ஒரு பக்கத்துப் படைக்குத் தலைவன் ஜெனரல் ஃபவ்ஸான். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அப்போது வெறும் கேப்டன். ராணுவ கேம்ப் வாசலில் என் வண்டியை மறிப்பான்.

"நம்ம பய நானா. இஞ்சி பிளேன்டீ குடிக்கப் பழக்குனதே நான்தான்."

"அப்படியா," என்று சீனியைத் தராசில் நிறுத்தார். நம்பிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

ஃபவ்ஸான் தலைநகரைப் பிடித்துவிட்டான். பின்பக்கமாக வந்து மறித்தானாம். நான் பவுசரை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துக் கற்றது அது. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் எல்லாருக்கும் விளக்கினேன். அவனைப் பாம்பு கடித்தபோது நான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னேன். அந்தப் பாம்பு இன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மார்ச் 10, திங்கள்

நாகலெட்சுமி கொழுந்து பறிக்கும் தேயிலை மலையிலிருந்து நேராக நம் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் ரஜிதா அந்தத் தலைநகரில்தான் வீட்டு வேலை. சண்டை வந்ததிலிருந்து போன் இல்லை.

"அண்ணே, ஒங்க ஜெனரல்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எம்புள்ளய அனுப்பி வச்சிருவாரு."

"இன்னிக்கே சொல்றேன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 11

எந்த நம்பருக்குச் சொல்வது?

மார்ச் 14, வெள்ளி

பேசிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாகலெட்சுமி மாரியம்மன் கோயிலில் ஜெனரல் பேருக்கு அர்ச்சனை வைத்தாள். பூசாரி நட்சத்திரம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகம் என்றேன். கோத்திரம்? சிவகோத்திரம்.

நானா கேள்விப்பட்டு, "சோலைமலை, அந்த மனுஷன் முஸ்லிம்பா. பள்ளிவாசல்ல நான் துஆ கேட்டிருப்பேனே," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "புள்ளயத் தேடச் சொல்லி வெளிநாட்டு வேலை ஆபீசுக்கு யாராச்சும் போனீங்களா?"

யாரும் போகவில்லை. ஏன் போகப்போகிறார்கள் — ஜெனரலிடம்தான் நான் சொல்லிவிட்டேனே.

மார்ச் 17, திங்கள்

ஜெனரல் கேட்டார் என்று சொல்லி ரஜிதாவின் பாஸ்போர்ட் காப்பியை வாங்கிக்கொண்டு நுவரெலியா போனேன். நானா சொன்ன ஆபீசில் காப்பியைக் கொடுத்து, சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். நீ யார் என்று கேட்டார்கள். மாமா என்றேன். ஜெனரலைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. 

மார்ச் 28, வெள்ளி

ஃபவ்ஸான் ஜனாதிபதி ஆகிவிட்டான். யூனிபார்மைக் கழற்றிவிட்டுக் கோட்டு சூட்டு. தோட்டத்து ஆட்கள் எனக்கு மாலை போட்டார்கள். நாகலெட்சுமியும் வந்திருந்தாள்.  அந்தப் புள்ள எங்கதான் கெடக்கோ?

ஏப்ரல் 6, ஞாயிறு

ரஜிதா வந்துவிட்டாள். பாதி உடம்புதான் மிச்சம்.

"மாமா கால்ல விழு. அவரு சொல்லித்தான் ஜெனரல் ஒன்னய அனுப்பி வச்சாரு," என்றாள் நாகலெட்சுமி. ஊரே சுற்றி நின்றது.

ரஜிதா என்னைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "ஆமாம்மா. மாமா நல்லா இருக்காரான்னு கேட்டாரு."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு பைப்படியில் தனியாகக் கேட்டேன், எப்படிம்மா வந்தே?

"எல்லை வரைக்கும் நடந்தேன் மாமா. என் பாஸ்போர்ட்டு வேல செஞ்ச வீட்டு மேடம்கிட்ட மாட்டிக்கிச்சு. அங்க நம்ம எம்பசிக்காரங்க கையில காப்பி இருந்துச்சு, அதக் காட்டித்தான் எல்லையத் தாண்ட விட்டாங்க. யாரு குடுத்தாங்களோ."

"ஜெனரல் குடுத்திருப்பாரு," என்றேன்.