ஆடிக் கூழும் என் கைப்பிடி நிலவேம்பும்

ஆரணி,
ஆடி கடைசிச் செவ்வாய்.

அன்பு மகள் காவ்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் திடமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் ஈரக் காற்றுக்குக் கொஞ்சம் முனகுகிறது. மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை அஜித்தும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எனக்கு வருகிற நினைப்பு, நம் தெரு அம்மன் உங்கள் இருவருக்கும் அங்கேயும் துணையிருப்பாள். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய், மாப்பிள்ளை பின்னால் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எதிர்வீட்டு சிவகுமார் மூஞ்சியைக் கோணிக்கொண்டு கூழ் குடிக்கிற வீடியோவை வேறு அப்பா உனக்கு அனுப்பிவிட்டார், அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன் என்கிறாய். அந்த வீடியோ கால் நிமிஷம்கூட ஓடாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததை ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசும் படித்துவிட்டு அப்புறம் சிரி.

நம் தெருவில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் சிவகுமார்தான் விழாக்குழுத் தலைவன், பவர்லூம் போட்டுப் பணம் பார்த்த பிறகு அவன் வைத்ததுதான் தெருவில் சட்டம். கூழுக்குப் பதிலாகக் குஸ்கா பொட்டலமும் ஆளுக்கொரு கலர் பாட்டிலும் கொடுப்பது, அம்மனுக்குப் படைக்க மட்டும் ஒரு சொம்புக் கூழ் காய்ச்சுவது என்று குழுவில் பேசி முடித்துவிட்டார்கள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. போன வைகாசியில் தெருமுனையில் சர்க்கரை நோய்க்கு முகாம் போட்டார்களே, அதில் ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று வந்தது, உன் அப்பாவையும் சேர்த்து. நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து வேலை, நடுநடுவே டீயும் பன்னும், ராத்திரி பரோட்டா, வராமல் என்ன செய்யும். இந்த ஜனங்களுக்கு அம்மன் பேரைச் சொல்லிக் கலர் பாட்டில் கொடுப்பார்களாம். பெண்கள் யாரும் போகாத கூட்டத்துக்கு நான் போனேன். என்னைப் பார்த்ததும் கஷாயக் கட்சி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு, புளித்த கூழ் குடலுக்கு என்ன செய்யும், எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாவதோடு நின்றவள்தான் நான், ஆனால் கண்ணில் பட்ட மருத்துவக் குறிப்பு ஒன்றையும் படிக்காமல் விட்டதில்லை. சிவகுமார் கடைசியில் இப்படிச் சொன்னான்.

“அக்கா, நீ சொல்றது எல்லாம் சரிதான், ஆனா போன வருஷம் பாதித் தொட்டிக் கூழு மாட்டுக்குத்தான் போச்சு. இந்த வருஷம் மொத்தப் பொறுப்பும் உன்னுது. தொட்டி காலியாச்சுன்னா எப்பவும் கூழுதான். மிச்சம் நின்னுச்சு, அடுத்த ஆடிலருந்து குஸ்காதான், அப்புறம் வந்து பேஜார் பண்ணக் கூடாது.”

சரி என்று அம்மன் சந்நிதியைப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, ஏன் உனக்கு ஊர் வம்பு என்றார். கேழ்வரகைக் கண்டாலே அவருக்கு ஆகாது, களி தின்பதற்கு நான் ஜெயிலுக்கா போனேன் என்று கேட்டுக் கேட்டு என் ஆயுசில் பாதியைத் தீர்த்தவர். மாத்திரையை நான்தான் வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கஷாயம் குடி என்று சொல்கிறவள் நான் என்று நீயும் நினைக்கிறாய், ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. முகாமுக்கு வந்த டாக்டர் சரண்யா, உன் வயசுதான் இருக்கும், கேழ்வரகும் தானியம்தான் அம்மா, அதையும் அளவாகத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டில் அளந்துதான் ஊற்றுகிறேன், அதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

போளூர் சந்தைக்குப் பஸ் ஏறி நானே போய்க் கறுப்புக் கேழ்வரகு பொறுக்கி எடுத்து வந்தேன். கல் நீக்கி, ஊறவைத்து, துணியில் கட்டி முளை கட்டி, மாடியில் காயவைத்து, மில்லில் எனக்கு முன்னால் மிளகாய் அரைத்தவர்களை எல்லாம் போகவிட்டு, இயந்திரத்தைத் துடைக்கச் சொல்லி அரைத்தேன். மில்காரன் முணுமுணுத்தான், நான் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தேன், சனிக்கிழமை நொய்யை வேகவிட்டு மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டினேன், அந்த வாசனை உனக்கு எழுத்தில் அனுப்ப முடியவில்லையே என்று இருக்கிறது. கோயில் அண்டா முழுக்க நான் காய்ச்சியதுதான், மற்ற வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து அதோடு ஊற்றுவது வழக்கம், எல்லா வீட்டுக் கூழும் ஒரே தொட்டியில் கலந்த பிறகுதான் விநியோகம்.

இப்போது எல்லாரும் என்னைக் குற்றம் சொல்கிற இடத்துக்கு வருகிறேன். ஆடி பிறந்து நாலு தூறல் போட்டதும் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது. நான் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படி ஏறி இறங்கினேன். வாங்கிக்கொள்வார்கள், நான் திரும்பியதும் சாக்கடையில் ஊற்றுவார்கள். சிவகுமார் பெண்டாட்டி ரேணுகாதேவி தன் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். அண்டாவைக் கிண்டும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கஷாயத்தைக் கொட்டலாம், அம்மன் கூழைச் சொம்பில் வாங்கிய பிறகு எவனும் கீழே கொட்ட மாட்டான், துப்பவும் மாட்டான். அவ்வளவு பெரிய அண்டாவில் ஒரு கைப்பிடி நிலவேம்புப் பொடி எந்த மூலைக்கு என்று போட்டுக் கிண்டிவிட்டேன். சரி, கைப்பிடி கொஞ்சம் தாராளம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவர்லூம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள், தெருவே காது திறந்த மாதிரி இருந்தது. வேப்பிலை கட்டிய குடங்கள் ஒவ்வொன்றாக வந்தன, தொட்டி நிறைந்தது, மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கலக்கியாயிற்று. பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், மோர் மிளகாய், ஒரு குண்டான் கருவாட்டுக் குழம்பு. படையல் முடிந்து முதல் சொம்பைத் தலைவனுக்குக் கொடுத்தேன். சிவகுமார் வாயில் ஊற்றினான். அவன் கண் இரண்டும் பிதுங்கி நின்றது, அம்மன் எதிரில் நிற்கிறாள், துப்பவும் வழியில்லை, ஒருவழியாக விழுங்கினான். நீ பார்த்தது அதுதான். அடுத்து வாங்கிய பெண்கள் உதட்டில் வைத்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். நான் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். கசப்பு என்று சொல்ல மாட்டேன், மருந்து வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆனால் காவ்யா, அந்தத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். விளிம்பு வரை நிற்கிறது, ஒருவரும் கிட்ட வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து குஸ்காதான், என்னாலேயே என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

சிவகுமார் வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். அப்பா கோயில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். மாமா, ஊட்டுக்காரம்மா காய்ச்சின கூழு, நீங்க குடிங்க பாக்கலாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். உன் அப்பா வந்தார். கேழ்வரகு மாவைத் தொட்ட கையால் தண்ணீர் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற மனுஷன், என் கையிலிருந்து சொம்பை வாங்கி அண்ணாந்து நிறுத்தாமல் குடித்தார். ஒரு சுளிப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. தெருவே அவர் வாயைத்தான் பார்த்தது. மீசையைத் துடைத்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

“கூழுன்னா இப்படித்தான்டா இருக்கணும். இன்னொன்னு ஊத்து அபிதா.”

அத்தனை பேர் எதிரில் என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்ன அளவு ஞாபகத்துக்கு வந்ததால் இரண்டாவதை அரைச் சொம்புதான் ஊற்றினேன், அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி இருந்தது பார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாமாவே குடித்துவிட்டார், நாம் குடிக்காமல் போனால் மானம் போகும் என்று ஆம்பிளைகள் முன்னால் வந்தார்கள். சிவகுமாருக்கோ தான் ஒருவன் மட்டும் அகப்பட்டுக்கொண்டோமே என்ற ஆத்திரம். முனையில் டீக்கடை வைத்திருக்கிற ராமதாஸைப் பார்த்து, டேய் ஜல்தி வாடா, இந்த வருஷம் கூழு அமிர்தமா கீது, ஒரே மடக்கா குடிக்கணும் என்று கூப்பிட்டான். ராமதாஸ் நம்பிக் குடித்தான். அவன் முகத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவன் சும்மா இருப்பானா, தன் மச்சானைப் போன் போட்டு வரவழைத்தான். மச்சான் தன் கூட்டாளிகளை வரவழைத்தான். குடித்தவன் ஒருவனும் உண்மையைச் சொல்லவில்லை, அடுத்தவன் முகம் கோணுவதைப் பார்க்கக் கைபேசியோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்துத் தெருவிலிருந்து பைக்கில் வந்தார்கள், மேளக்காரர்கள் வந்தார்கள், குடித்த கையோடு எல்லாரும் கருவாட்டுக் குழம்பின் மேல் பாய்ந்தார்கள். சில பேர் நிஜமாகவே இரண்டாம் தடவை வந்து வாங்கினார்கள், நாலு வாய்க்கு மேல் போனால் நாக்கு பழகிவிடுகிறது என்றார்கள். வெயில் ஏறுவதற்குள் நான் தொட்டியைச் சாய்த்து வழித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு ஒரு கை கூட இல்லை.

சிவகுமார் சும்மா விடுவானா. இது கூழுக்கு வந்த கூட்டம் இல்லையக்கா, மூஞ்சி பார்க்க வந்த கூட்டம், இது கணக்கில் சேராது என்றான். நான் விடவில்லை.

“கூட்டம் எதுக்கு வந்தா உனக்கு இன்னாடா, தொட்டி காலியா கீதா இல்லியா, அதைச் சொல்லு.”

அவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், மைக்கை எடுத்தான். இனி ஆடிதோறும் கூழ்தான், கலர் பாட்டில் கிடையாது என்று அறிவித்தான். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வெல்லக் கட்டியைத் தேடினார், டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தேன். அதற்குப் பிறகு தெருவில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. நகராட்சிக்காரர்கள் கொசுப் புகை அடித்ததால் என்கிறாள் ரேணுகாதேவி. புகையும் அடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. நான் நினைப்பதை நான் நினைத்துக்கொள்கிறேன்.

நீ காலையில் அந்த டப்பா சீரியலை விட்டுவிட்டு வாரத்தில் நாலு நாளாவது கேழ்வரகுக் கஞ்சி குடி, சர்க்கரை போடாதே, மோர் விட்டுக் குடி. தொண்டை கரகரத்தால் சித்தரத்தையை ஒரு துண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடி. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தால் கஷாயத்தோடு உட்கார்ந்திருக்காதே, டாக்டரிடம் போ. மாப்பிள்ளை ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிடுகிறார் என்றாய், அதை நிறுத்தச் சொல், நான் சொன்னதாகவே சொல்.

கடைசியாக ஒன்று. கூழ் உண்டு என்று அறிவித்த அதே மூச்சில், அபிதக்கா மட்டும் இனிமேல் அடுப்புப் பக்கமும் தொட்டிப் பக்கமும் வரக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கட்டும் என்றும் சிவகுமார் மைக்கில் சொல்லிவிட்டான். ஜனங்கள் கை தட்டினார்கள், அப்பாவும் தட்டினார், அதை நான் பார்த்துவிட்டேன். தர்க்கம் பண்ணியிருப்பேன், ஆனால் வீட்டுக்கொரு குடம் அந்த வீட்டுப் பெண்ணே தூக்கி வர வேண்டும், அப்படியென்றால் உங்கள் வீட்டுக் குடத்துக்கு யார் என்று அவனே கேட்டான். காவ்யா என்றேன். கல்யாணமாகிப் போன பிறகு ஒரு ஆடிக்கும் நீ வரவில்லை. சிவகுமார் உன் பேரை மைக்கில் வாசித்துவிட்டான், அம்மன் கேட்டிருக்கிறாள், தெரு கேட்டிருக்கிறது, இனிமேல் மாற்ற முடியாது. உன் ஆபீஸில் இப்போதே லீவு எழுதிக் கொடு.

நோய் நொடி இல்லாமல், நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். அடுத்த ஆடி மூன்றாம் ஞாயிறு, மறந்துவிடாதே. நிறைகுடம் நல்ல கனம் இருக்கும், இடுப்புக்குத் தெம்பு வேண்டும், நாளையிலிருந்தே ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அம்மா
சு. அபிதகுசாம்பாள்