கணினியில் ஏறிய காதலன்

எல் ரொபிளே
8 ஜனவரி 2003

ரோசமெல்,

நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. எனக்கு ஒரு காதலன் இருப்பதாக அரசாங்கம் எழுதி வைத்துவிட்டது. அதைக் காரணம் காட்டி, மார்ச் மாதம் நான் சேர வேண்டிய பள்ளிச் சமையலறை வேலையை நிறுத்தி வைத்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி மாதாந்திர உதவித்தொகையை முதல் தேதியே வெட்டியும்விட்டது. இப்போது எனக்கு வேலையும் இல்லை, உதவியும் இல்லை. காதலன் மட்டும் இருக்கிறான். அவனையும் நான் பார்த்ததில்லை.

நீ சிரிப்பாய் என்று தெரியும். அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

சுரங்கம் மூடப்பட்டு நீ வடக்கே போன மறு வருடத்திலிருந்து நான் உதவிப் பட்டியலில் இருக்கிறேன். ஐந்து வருடங்களாக யாராவது கணக்கெடுப்புக்கு வந்து என் கட்டில்களை எண்ணிவிட்டுப் போகிறார்கள். போன ஆண்டு ஒரு புதுத் திட்டம் வந்தது. ஆண் துணையில்லாமல் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்து வேலையில் சேர்த்துவிடுவார்கள். முதல் வருடச் சம்பளத்தில் பாதி அரசாங்கம், பாதி வேலை கொடுப்பவர். ஆறு வாரம் பயிற்சிக்குப் போனேன். ஐம்பத்தேழு வயதில் எனக்குக் கைகுலுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குலுக்கினேன். பள்ளியில் ஒரு நாள் சமைக்க விட்டுப் பார்த்தார்கள். நூற்று எண்பது பிள்ளைகள், ஒரு தட்டும் மீதியோடு திரும்பவில்லை. தலைமைச் சமையல்காரி அன்றைக்கே என் அளவுக்கு மேலங்கி எடுத்து வைத்துவிட்டாள்.

பிறகு மரிஸோல் என்ற கணக்கெடுப்புப் பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். தேநீர் குடித்துக்கொண்டே, "இப்ப கையில ஏதாச்சும் இருக்காம்மா?" என்றாள். "என்ன பெருசா இருக்கு, ஒரு பொலோலோ இருக்கு, சனிக்கிழமைக்கு மட்டும்" என்றேன். மீன் இறங்குதுறையில் நான் பூசணி மாவில் சோபைபியா பொரித்து விற்பதைச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டாள். நம் வாயில் பொலோலோ என்றால் காதலனும்தான், கிடைத்தபோது செய்யும் சில்லறை வேலையும்தான். எதைச் சொல்கிறோம் என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாகாணத் தலைநகரில் அந்தத் தாளைக் கணினியில் ஏற்றியவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண் துணை என்ற கட்டத்தில் 'உண்டு' என்று போட்டு, பக்கத்தில் 'சனிக்கிழமைகளில்' என்று குறிப்பும் எழுதியிருக்கிறான்.

நகராட்சி ஜன்னலில் வேரா என்ற அதிகாரியிடம் போய் நின்றேன்.

"பொலோலோன்னு நான் சொன்னது வேலைங்க. ஆம்பள இல்ல."

"அப்ப வேலை இருக்குன்னு எழுதிடட்டுமா? வேலை இருக்கறவங்களுக்கும் இந்தத் திட்டம் கிடையாதும்மா. ஆளா, வேலையா, எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"ரெண்டுல ஒண்ணு இருந்தாக்கூட, இந்த வெயில்ல உங்க மூஞ்சியப் பாக்க ஏன் வரேன்?"

எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "ஆளையே வச்சுக்கோ தோழி, வாரத்துக்கு ஒரு நாள்தானே வரான்!" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வேராவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடவோ 'இல்லை' என்று மாற்றவோ கணினி சம்மதிக்காதாம். வேறொன்றைப் போட்டுத்தான் மூட வேண்டுமாம். 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று போட்டால் மூடிக்கொள்ளுமாம். இந்த நாட்டில் விவாகரத்து இல்லை, ஆகவே காகிதத்தில் நீ இன்னும் என் கணவன். நோட்டரி முன்னால் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். பிப்ரவரி 28 கடைசி நாள்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

எதெல்மிரா


மெஹியோனெஸ்
17 ஜனவரி 2003

என் கிழவிக்கு அன்புடன்,

முதுகு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. கிடங்கில் இப்போது காவல் வேலைதான், தூக்கும் வேலை இல்லை. நம் பெண் யாஸ்னா நன்றாக இருக்கிறாளா?

அந்தச் சனிக்கிழமைக்காரன் யார்? வலை பின்னுகிற ஓஸ்வால்டோவா? கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டுக்குக் கேட்டேன். உன் கடிதத்தை என் அறைத் தோழனுக்குப் படித்துக் காட்டினேன். "உம் பொண்டாட்டிக்கு ஆள் இருக்குன்னு அரசாங்கமே முத்திரை குத்திடுச்சேப்பா, நீ இன்னும் என்னத்த மோதிரம் போட்டுக்கிட்டுத் திரியிற?" என்று ஒரு வாரமாக விடாமல் ஓட்டுகிறான்.

ஆனால் அந்தப் படிவத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 'நான் என் வீட்டையும் மனைவியையும் கைவிட்டேன்' என்று அச்சடித்திருக்கிறது. கீழே என் பெயருக்கு ஒரு கோடு. எதெல்மிரா, நான் எப்போது கைவிட்டேன்? சுரங்கம் மூடியது. நம் தெருவில் பாதிப் பேர் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். வழிக்கு நீயே முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்தாய். கைவிட்டுப் போகிறவனுக்கு யாராவது முட்டை அவித்துக் கொடுப்பார்களா? ஒவ்வொரு வருடமும் வரத்தான் நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை. என் கையாலேயே என்னை அப்படி எழுதிக்கொள்ள மாட்டேன். நாளைக்குப் பேரன் பிறந்து அந்தத் தாளைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

இன்னொரு வழி சொல்கிறேன். உன்னை நான்தான் ஆதரித்து வருகிறேன் என்று எழுதித் தருகிறேன். வேண்டுமானால் இரண்டு நோட்டரியிடம்.

உன்
ரோசமெல்


எல் ரொபிளே
25 ஜனவரி 2003

ரோசமெல்,

என்னைக் கிழவி என்று எழுதாதே. அப்படிக் கூப்பிடப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீ ஆதரிக்கிறாய் என்று எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? காதலன் ஒருவன், காப்பாற்றுகிற கணவன் ஒருவன் என்று கணினியில் எனக்கு இரண்டு ஆண்கள் ஆகிவிடுவார்கள். பட்டியலில் மறுபடி சேரக்கூட வழியிருக்காது. அந்தக் கடிதத்தை எழுதாதே. எழுதிவிட்டிருந்தால் கிழித்துப் போடு.

திட்டத்தின் விதிப் புத்தகத்தை நகராட்சியில் கேட்டு வாங்கி முழுக்கப் படித்தேன். பொதுமக்கள் யாரும் இதுவரை கேட்டதில்லையாம், தேடி எடுக்கவே அரை நாள் ஆனது. குளிருக்குச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை வாசித்து வாசித்தே எழுத்துக் கற்றவள் நான். அவர்களுடைய நாற்பது பக்கம் எனக்குப் பெரிதில்லை. ஒன்பதாம் பிரிவில், தவறாகப் பதிந்ததைப் பயனாளி நேரில் வந்து திருத்தலாம் என்று தெளிவாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மாகாணத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாறிப் போனேன். கதவருகில் இருந்த பெண் உள்ளே விடவில்லை.

"இங்க தாள் மட்டுந்தாம்மா வரும். ஆளுங்க வர்றதில்ல."

"தாளுக்கு வாய் இல்லையே, யாரு பேசறது?"

"அதான் சொல்றேன், தாள் அனுப்புங்க."

சோபைபியா விற்பதையும் நிறுத்திவிட்டேன். விற்பதை யாராவது பார்த்து எழுதிப் போட்டால், காதலனோடு வேலையும் சேர்ந்துவிடும். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுப்புக்கு கேஸ் யாஸ்னா வாங்கித் தருகிறாள். பெண்ணிடம் கை நீட்டுவது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது என்னவென்று உனக்குப் புரிகிறதா? உனக்குச் சுரங்கத்தில் எண் இருந்தது, விளக்கு இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது, மூடும்போது இழப்பீடும் இருந்தது. நான் அயலார் துணி துவைத்தேன், பொரித்தேன், ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தேன். அதற்கெல்லாம் ஒரு தாளும் இல்லை. இந்த ஊரில் என் பெயர் உதவி வாங்குகிறவர்கள் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. வேலை ஒப்பந்தம் ஒன்றில் என் பெயரைப் பார்க்க வேண்டும். மார்ச் 3 காலையில் நான் போகாவிட்டால் எனக்கு அடுத்திருப்பவளை எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், நல்லவள், பயிற்சியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வேலை என்னுடையது.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

எதெல்மிரா


மெஹியோனெஸ்
7 பிப்ரவரி 2003

அன்புள்ள எதெல்மிரா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தோழனுக்குப் படித்துக் காட்டவில்லை. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. கடல் காற்றில் நனையாமல் இருக்க இரண்டு உறை போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சொல்லைத்தான் திருத்தினேன். 'கைவிட்டேன்' என்பதை அடித்து, மேலே 'வேலை தேடிப் போனேன்' என்று எழுதியிருக்கிறேன். நோட்டரி முகத்தைச் சுளித்தார். "அச்சடிச்சதுல கைவைக்காதீங்க, வாங்க மாட்டாங்க" என்றார். "உண்மைய எழுதினா எந்த ஆபீஸ்ல வேணாம்பாங்க?" என்று கேட்டேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

முதல் சம்பளம் வாங்கியதும் எனக்கு எழுது.

உன்
ரோசமெல்


எல் ரொபிளே
18 பிப்ரவரி 2003

ரோசமெல்,

உன் தாளை வாங்கவில்லை. நான்கு மணி நேரம் வரிசையில் நின்று நீட்டினேன். வேரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"அடிச்சுத் திருத்தினது செல்லாதும்மா."

"நோட்டரி முத்திரை இருக்கே."

"முத்திரை இருக்கு, வார்த்தை இல்லையே. வேலை தேடிப் போனவருன்னு எங்ககிட்ட கட்டமே கிடையாது. அது கிடக்கட்டும், உங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சுதா?"

பொய் சொல்ல எனக்கு வராது. கிடைத்தது என்றேன். என் கண் எதிரிலேயே 'கணவர் வேலையில் உள்ளார்' என்று பேனாவால் குறித்துக்கொண்டார். உன் ஒரு சொல்லால் எனக்குக் கிடைத்தது இதுதான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ கிளம்பிய அன்று என்னைக் கைவிடவில்லை. அதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். நீ வேலைக்குத்தான் போனாய், முட்டையை நான்தான் அவித்தேன், பையைப் பேருந்து வரை நான்தான் தூக்கி வந்தேன். ஆனால் 1999 கிறிஸ்துமஸுக்கு உன் கிடங்கில் பத்து நாள் லீவு விட்டார்கள். உன்னோடு வேலை பார்க்கும் செகுந்தோ வந்து சொன்னான். வடக்கிலிருந்து வந்த மூன்று பேருந்துகளுக்கு யாஸ்னா நிலையத்தில் நின்றாள். செகுந்தோ இரண்டாவதில் இறங்கினான். "அவருதான் எனக்கு முன்னாடியே டிக்கெட் வாங்கறேன்னாரே?" என்று அவளிடம் கேட்டிருக்கிறான். நீ லீவு கிடைக்கவில்லை என்று வாழ்த்து அட்டை அனுப்பினாய். அதன் பிறகு மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஏன் என்று அப்போதும் நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. உனக்கு அங்கே யாராவது இருந்தாலும் அது எனக்குத் தெரிய வேண்டாம், எந்தக் கணினியும் அதைக் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது ஒரு சொல். அந்தச் சொல் உனக்குப் பொருந்தவில்லை என்று இனி எனக்கு எழுதாதே.

புதுப் படிவத்தை இதோடு பேருந்து ஓட்டுநர் கையில் அனுப்புகிறேன். இருபதாம் தேதி உனக்குக் கிடைத்துவிடும். இனி ஆக வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

நீ மறுபடி நோட்டரியிடம் போக வேண்டும். எதையும் அடிக்கக்கூடாது, எதையும் சேர்க்கக்கூடாது. எந்தத் தேதியிலிருந்து என்ற இடத்தில் 24 டிசம்பர் 1999 என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை மாலைப் பேருந்தில் உறையைக் கொடுத்துவிட வேண்டும், தபாலில் போடக்கூடாது. நீ வர வேண்டாம், உறை வந்தால் போதும்.

யாஸ்னா புதன்கிழமை நிலையத்தில் போய் அதை வாங்க வேண்டும். ஒரு பேருந்துக்குத்தான் நிற்பாள், சொல்லிவிட்டேன்.

மரிஸோல், நான்கு முறை என் வீட்டுக்கு வந்தும் ஓர் ஆணின் செருப்பைக்கூடப் பார்க்கவில்லை என்று தன் கைப்பட எழுதித் தர வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறாள். சோபைபியாவைப் பற்றி அவளாக எதுவும் எழுதக்கூடாது.

வேரா 28ஆம் தேதி ஜன்னலைச் சாப்பாட்டுக்கு மூடும் முன் என் தாளை வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டத்தை மாற்ற வேண்டும். திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லக்கூடாது.

தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதன், ஒரு சொல் புரியாவிட்டால் எழுதியவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவனுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்குப் போய்ப் பயறு ஊறப்போட வேண்டும். திங்கள் காலை ஏழு மணிக்கு மேலங்கி போட்டுக்கொண்டு அடுப்பருகில் நிற்க வேண்டும். நகராட்சியிலிருந்து தாள் வந்திருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன். வராவிட்டால், நூற்று எண்பது பிள்ளைகளும் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னை வெளியே அனுப்ப முடியாது. அதற்குப் பிறகு யார் வந்து என்னை அனுப்புவது என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

எதெல்மிரா கார்யோ
சமையலறைப் பணியாளர்