சிலிண்டர் சாவி

பாப்பா,

எங்கள் பிரசவ வார்டில் இப்போது வாரம் ஒரு கூட்டம். கூட்டிப் பெருக்குகிற என்னையும் உட்கார வைக்கிறார்கள்.

"இங்க என்ன மாத்தணும், சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"ஆக்சிஜன் சிலிண்டரத் தொறக்குற சாவிய சிலிண்டர்லயே கட்டி வைங்க. அவசரத்துல ஆளுக்கொரு பக்கம் ஓடுறோம்."

"இத்தன வருஷமா ஏன்க்கா வாயத் தொறக்கல?" என்றாள் நர்ஸ்.

"யாரு கேட்டீங்க?" என்றேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

உன் முதல் குழந்தைக்காக அன்று இதே வார்டில் சாவி தேடிய நேரத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

உன் பழைய ரிப்பனால் நானே கட்டினேன். நேற்று மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்குக் கை நீட்டியதும் சாவி கிடைத்தது. என்ன அழுகை அழுதது தெரியுமா!

உனக்கு எட்டாம் மாதம் என்றார் மாப்பிள்ளை. இங்கே வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. எங்கே பெற்றாலும், சாவி எங்கே என்று முதலில் கேட்டுவிடு. என்னைப்போல் சும்மா இருக்காதே.

உன் அம்மா